அந்தப் பக்கத்துப் பெண்டாட்டி

அந்தக் கொரிய நாடகத்தில் பதினாறு பாகங்கள் உண்டாம். நான் பதினொன்றைத் தாண்டவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், அதை என் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டியதுதான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது.

கதை இதுதான். கொரியாவில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஒருவன் பனிக்காலத்தில் ஆற்றில் விழுந்துவிடுகிறான். குற்றுயிராகத் தூக்கிக் கரையில் போடுகிறார்கள். கண் விழித்தால் அதே நகரம், அதே தெரு, அதே கடை. ஆனால் அது இந்த உலகத்துக்கு இணையாக ஓடுகிற இன்னொரு உலகம். அங்கே அவன் மனைவியின் முகத்தோடு ஒருத்தி இருக்கிறாள். அவள் இவன் மனைவி இல்லை. உண்மையான மனைவி பழைய உலகத்தில் இவனைத் தேடிக்கொண்டிருக்கிறாள். திரும்பிப் போக வேண்டுமானால் மறுபடி ஒரு தடவை சாவின் வாசல்வரை போயாக வேண்டும். எல்லோரையும் தமிழில் பேச வைத்திருந்தார்கள். அந்த ரொட்டிக்கடைக்காரன் மூச்சுக்கு முந்நூறு தடவை மனைவியை 'அன்பே' என்பான். எங்கள் பக்கம் எந்த ஆணாவது அப்படிக் கூப்பிட்டால், காற்று கருப்பு அடித்துவிட்டதோ என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

என் வீட்டுக்காரர் விவசாயி. வலங்கைமானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். நான் படித்து, பக்கத்து ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை ஆனேன். ஊர் முழுக்க 'டீச்சர், வாங்க' என்றுதான் கூப்பிடும். அவர் மட்டும் 'வாடி, போடி' என்றுதான் பேசுவார். "ஊரே உனக்கு மரியாதை குடுக்குது. வீட்டுலயாவது ஒருத்தன் சாதாரணமா பேசுறேனே" என்பார். வெளியில் முறைப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

போன வருஷம் ஐப்பசியில் விடாத மழை. சம்பா நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. வயலில் நின்ற தண்ணீரை வடிய வைக்க, வாய்க்காலில் இடுப்பளவு இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் மறுநாள் காய்ச்சலில் படுத்தார். மழையில் நனைந்த காய்ச்சல்தானே என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. கும்பகோணத்தில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூளைக்காய்ச்சல். பதிமூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டு வந்திருந்தாள். என் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல்தான் போனில் அந்த நாடகத்தைப் போட்டுக் கையில் கொடுத்தாள். பக்கத்துப் பாயில் இருந்த பெண்களும் தலையை நீட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த வராந்தாவில்தான் வேண்டிக்கொண்டேன். சாமி விஷயத்தில் நான் அப்படி ஒன்றும் பக்திமான் இல்லை. ஆனால் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன அன்றைக்கு, புடவை முந்தானையில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பதாகச் சொன்னேன். சாகக் கிடந்து பிழைத்தவர்களுக்கான வேண்டுதல் அது. பிழைத்தவரைப் பங்குனித் திருவிழாவில் பச்சை மூங்கில் பாடையில் பிணம் மாதிரியே படுக்க வைத்து, கையும் காலும் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்திப் போக, பறை அடித்துக் கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். சன்னதியில் இறக்கிப் பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்து உட்கார வேண்டும். சாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாயிற்று, இனி அது இந்த ஆளைத் தேடி வராது என்று அர்த்தம்.

அவர் பிழைத்துக்கொண்டார். கார்த்திகை பிறந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க. மறக்க மாட்டேங்க" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்று ஆரத்தி எடுத்த கொழுந்தனாரின் மனைவியும் சிரித்தாள். உள்ளே போய் உட்கார்ந்தவர் மகளைக் கூப்பிட்டு, "அம்மா எங்கம்மா? ஆஸ்பத்திரிக்கும் வரல, இங்கயும் காணும்" என்றார்.

"இதோ நிக்கிறாங்களேப்பா."

"இவங்க அம்மா மாதிரி இருக்காங்க. அம்மா எங்க?"

மறுபடி தஞ்சாவூருக்கு ஓடினோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்கிற இடம் மூளையில் சரியாக இருக்கிறதாம். அந்த முகத்தைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று மனசுக்குள் ஒரு பாசம் வருகிறதே, அதற்கான வழியைத்தான் காய்ச்சல் அறுத்துவிட்டதாம். "அவருக்கு முகம் தெரியுதும்மா, சொந்தம் தெரியல" என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்.

மகளைத் தெரிகிறது. தம்பியைத் தெரிகிறது. வயலின் வரப்பு, மடை, போர்செட்டில் எந்த சுவிட்சு மக்கர் பண்ணும் என்பது வரை தெரிகிறது. இருபத்தாறு வருஷம் கூடப் படுத்துக் கிடந்தவளை மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் நீங்கள் என்னைக் கெட்டவள் என்பீர்கள். பிழைத்து வந்த மனுஷனைப் பார்த்து, இதற்குப் பதில் என்று மனசுக்குள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் மாதம் நரகம். அவர் பெண்டாட்டியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு நான் அவள் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பதாக நினைத்தார். நான் பீரோவைத் திறந்தால் கூடவே வந்து நிற்பார். நான் கொடுக்கிற காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மகள் கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு வீட்டில் பேச்சே இல்லாமல் போயிற்று. சாயங்காலங்கள் என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது சத்தம் இருக்கட்டும், அந்த 'அன்பே'யைக் கேட்டாவது சிரிக்கட்டும் என்று நாடகத்தை முதலிலிருந்து டிவியில் போட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான்காம் பாகம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்போதுதான் முகத்தில் பயம் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"தப்பா நெனச்சிட்டேங்க. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் இந்தப் பக்கம் வந்துட்டேன்" என்றார். "உங்க வீட்டுக்காரர் அந்தப் பக்கம் எங்க வீட்டுல இருப்பாரு. கவலப்படாதீங்க, என் பொண்டாட்டி நல்லா பாத்துக்குவா. வாய்தான் கொஞ்சம் நீளம்."

நான் இஸ்கூல் டீச்சர் இல்லையா, விடவில்லை. மகள் மட்டும் எப்படி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கிறாள் என்று கேட்டேன். "அதெல்லாம் போகப் போகக் காட்டுவாங்க" என்று டிவியைக் கை காட்டினார்.

அன்றிலிருந்து சந்தேகம் போய் மரியாதை வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது எழுந்து நிற்பார். சாப்பாடு போட்டால் "நீங்க சாப்டாச்சா?" என்பார். தட்டைத் தானே கழுவி வைப்பார். விருந்தாளி நடந்துகொள்கிற மாதிரி நடந்துகொண்டார். பதினொன்றாம் பாகத்தில் ரொட்டிக்கடைக்காரனின் மனைவி, இனி அவன் வர மாட்டான் என்று அவன் போட்டோவுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாள். இவர் சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நானும் நிறுத்திவிட்டேன். நெட் தீர்ந்துபோச்சு என்று சொல்லி வைத்தேன்.

மார்கழியில் ஒரு நாள் கும்பகோணத்தில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் எடுத்தார்.

"ஏய், எங்கடி போய்த் தொலஞ்ச? எத்தன நாளாச்சு உன் குரலக் கேட்டு?"

வாழைப்பழக் கடையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அழுதால் வைத்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு, "இங்கதாங்க இருக்கேன்" என்றேன். பொய் இல்லையே அது.

டாக்டரிடம் கேட்டதற்கு, காதால் கேட்டுத் தெரிந்துகொள்கிற வழி வேறு, அது அறுபடவில்லை போலிருக்கிறது என்றார். எதிரில் நின்று பேசினால் மட்டும் ஏன் தெரிவதில்லை என்று கேட்டேன். கண் குறுக்கே வந்து கெடுத்துவிடுகிறது என்றார். எனக்குப் பேராசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்திலிருந்து போன் செய்து, பேசிக்கொண்டே நடந்து கூடத்துக்குள் அவர் முன்னால் போய் நின்றேன். என்னையும் என் காதிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ குரல எப்படிப் புடிச்சீங்க? அவள என்ன பண்ணீங்க?" என்று கத்தினார். மூன்று நாள் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த விளையாட்டுக்கு நான் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டரைக்குச் சத்துணவு மணி அடிக்கும். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது நான் சமையல்கூடத்துக்குப் பின்னால் போய்ப் போன் செய்வேன். தினமும் பத்து நிமிஷம் எனக்குப் புருஷன் இருந்தார். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. கதிர் வந்துவிட்டது, எலி வெட்டுகிறது, அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைக்க வேண்டும், இதுதான். ஒரு நாள், "இங்க இருக்கிற அம்மா சாம்பார்ல உப்ப அள்ளிக் கொட்டுதுடி. நீ வைக்கிற மாதிரி வராது" என்றார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். மறுநாள் உப்பைக் குறைத்துப் போட்டேன். சாயங்காலம் வீட்டு வாசலில் போனை மௌனமாக்கிப் பையின் அடியில் வைத்துவிட்டு உள்ளே போவேன். "வாங்க" என்று எழுந்து நிற்பார். எனக்கு நானே சக்களத்தி ஆகிவிட்டேன். பன்னிரண்டரை மணிக்காரியைப் பார்த்து அந்த வீட்டுக்காரிக்கு வந்த பொறாமையை யாரிடம் சொல்ல முடியும்?

தை அறுப்பு முடிந்தது. மாசியில் பாடைக்காவடியைப் பற்றி எடுத்துச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பொணம் மாதிரியேதானே தூக்குவாங்க? அப்ப அந்தப் பக்கம் போயிடலாம்" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. செத்துப் பிழைத்து எழுகிற அந்த நிமிஷத்தில் அறுந்த வழி ஒட்டிக்கொள்ளும், கண் திறந்து என்னைப் பார்த்து 'என்னடி' என்பார் என்று நம்பினேன். டாக்டர் சொன்னதைத் தமிழில்தான் கேட்டேன், புரிந்துதான் இருந்தது. இருந்தும் நம்பினேன். போவதற்கு அவர் நாள் எண்ணினார், அவர் வருவதற்கு நான் நாள் எண்ணினேன்.

பங்குனி ஞாயிறு. குடமுருட்டி ஆற்றில் குளித்து, புது வேட்டி கட்டி வந்தார். கோயம்புத்தூரிலிருந்து மகளும் வந்திருந்தாள். கொழுந்தனார் தீச்சட்டியை எடுத்தார். வரிசையாகப் பத்துப் பதினைந்து பாடைகள் கிளம்பத் தயாராக இருந்தன. இவர் படுப்பதற்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத்தன நாளா முகம் கோணாம பாத்துக்கிட்டீங்க. உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுத் தானாகப் போய் மூங்கில்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கையைக் கட்டினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மூக்கில் பஞ்சு வைத்தார்கள். வாய் திறக்காமல் கூட நடப்பது என்றுதான் நினைத்து வந்திருந்தேன். நாலு பேர் தோளில் தூக்கியதும் பறை முழங்கிற்று. மாலைக்கு நடுவில் அந்த முகம் அசையாமல் போனது. எனக்குள் என்னமோ இற்றுப்போயிற்று. ஐப்பசியிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் கிளம்பி வந்தது. பாடையின் கழியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

"என்னை விட்டுட்டுப் போறீங்களே. நான் யாருகிட்டப் பேசுவேன்? எனக்கு யாரு இருக்கா?"

கொழுந்தனாரின் மனைவி என் வாயைப் பொத்த வந்தாள். "அக்கா, இது வேண்டுதல். உசுரோட இருக்கிற மனுசனுக்கு இப்படி அழுவாதீங்க" என்றாள். அவள் கையைத் தள்ளிவிட்டேன். பிழைத்த ஆளைத்தான் தூக்குகிறோம் என்று மற்ற பாடைகளின் பின்னால் சொந்தக்காரர்கள் சிரித்த முகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்திதான் நிஜப் பிணத்துக்கு அழுகிறவள் மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு போனேன். மூன்றாவது சுற்றில், மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து அவருக்குக் கண்ணீர் வழிந்தது. காது வரைக்கும் இறங்கியது. என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது, வழி ஒட்டிக்கொண்டது என்று என் அழுகை இன்னும் அதிகமாயிற்று. அது சந்தோஷ அழுகை.

சன்னதியில் இறக்கினார்கள். கட்டை அவிழ்த்தார்கள். பூசாரி முகத்தில் தீர்த்தம் தெளித்து, "எந்திரிப்பா" என்றார். அவர் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்களா?" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு எதிரில் குனிந்து உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் அவராகவே பேசினார். "கண்ண மூடியிருந்தப்ப அவ அழுததக் கேட்டேங்க. அவ குரல்தான். அங்கயும் என்னைத் தூக்கிட்டாங்க. நான் செத்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு." வலங்கைமானிலிருந்து எங்கள் ஊர் மூன்று கிலோமீட்டர். நான் செய்த காரியம் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிவதற்கு அந்தத் தூரம் போதுமாக இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. சத்துணவு மணி அடித்ததும் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். முழுக்க அடித்து ஓயப்போகும்போது எடுத்தார்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"இனிமே போன் பண்ணாதடி. செத்தவன்கூடப் பேசுறது உனக்கு ஆகாது."

"நீங்க சாகலங்க. உசுரோட நல்லாத்தான் இருக்கீங்க."

"இங்க இருக்கேன். அங்க உன்கிட்ட இல்ல. அப்புறம் அதுக்கு என்ன பேரு?"

பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அழுதது போதும், உடம்பக் கெடுத்துக்காத" என்றார். "என்னை நெனச்சும் கவலப்படாத. இங்க ஒரு அம்மா இருக்காங்க. உன்னை மாதிரியே டீச்சர். நல்லவங்க. வேளாவேளைக்குச் சோறு போட்டு, மாத்திரை குடுத்துப் பாத்துக்கிறாங்க. பாவம், அவங்க வீட்டுக்காரரும் வரல."